மெக்சிகோ நாற்காலி

துபாய் கராமாவில் அந்த அறைக்குக் கட்டில் ஆறு, நாற்காலி ஒன்று. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு எல்லாரும் தரையில் உட்கார, அதிகம் உலகம் பார்த்தவர் மட்டும் நாற்காலியில் உட்காருவது அறை வழக்கம். ஒன்பது ஆண்டுகளாக அது கார்மேகம். அவர் பார்த்த உலகம், பஸ்ஸில் மஸ்கட் வரை.

இப்போது ஃபவாஸை அவன் கம்பெனி ஏதோ ஏ.சி. கண்காட்சிக்கு ஒரு வாரம் மெக்சிகோ சிட்டிக்கு அனுப்பிவிட்டது. பயலுக்கு மீசைகூட முழுசாக முளைக்கவில்லை.

"மெக்சிகோவாம்! எவன் போவான் அங்க?" என்று கார்மேகம் அறையில் சொன்னார். டூட்டி பஸ்ஸிலும் போர்வைக்குள்ளும் அந்த ஊர் வீடியோவாகப் பார்த்தார். விமானத்தை விட்டு இறங்கி மெட்ரோவுக்கு எப்படிப் போவது, எங்கே வண்டி மாறுவது, எல்லாம் ஏழே நாளில் அத்துப்படி. பயல் ஒரு பொய் சொல்லட்டும், பிடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஃபவாஸ் வந்தான். அருள்ராஜ் அவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கார்மேகத்துக்கு ஒருநாளும் துடைத்ததில்லை.

"மெட்ரோல சுத்துனேன் மச்சான், செம கூட்டம்" என்று ஆரம்பித்தான் ஃபவாஸ்.

"ஏர்போர்ட் ஸ்டேஷனுக்கு என்ன படம் போட்ருக்கான்?" என்றார் கார்மேகம், தரையிலிருந்து.

"படமா?"

"அங்க ஸ்டேஷனுக்கு ஒரு படம் இருக்கும்டா தம்பி. ஏர்போர்ட்டுக்கு விமானம். சாபுல்தெபெக் பூங்காவுக்கு வெட்டுக்கிளி. இத்தாம்பெரிய வெட்டுக்கிளி உன் கண்ணுல படலையா?"

ஃபவாஸ் சிரித்துவிட்டான். "அண்ணே, உண்மையச் சொல்லிர்றேன். ஏர்போர்ட்லயே கம்பெனி கார் வந்துருச்சு. அப்புறம் ஹோட்டல், ஹால், ஹோட்டல். ஊரையே பாக்கல. வாப்பா போன்ல கேட்டா சொல்ல ஒண்ணுமில்ல. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான்.

"கலாஸ், முடிஞ்சுது! மெக்சிகோ போனது அண்ணன்தான்" என்றான் அருள்ராஜ். "டிக்கெட்டே இல்லாம."

அறையே சிரித்தது. கார்மேகம் அதைக் காதில் வாங்காமல் நாற்காலியில் ஏறிக் கால்மேல் கால் போட்டார். அதற்குள் கீழே ஃபவாஸின் பாஸ்போர்ட் கைமாறத் தொடங்கியிருந்தது. மெக்சிகோ முத்திரை! ஐந்து தலைகளும் அதன்மேல் கவிந்தன. மேலேயிருந்து பார்த்தவருக்கு ஐந்து உச்சந்தலைதான் தெரிந்தது.

கார்மேகம் பிரியாணித் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு மெல்லத் தரைக்கு இறங்கினார்.

"தள்ளுங்கடா" என்றார். "என்ன கலர்ல குத்திருக்கான்?"