ராடிசாவ் வீட்டு மூன்றாம் காப்பி

மான்டினீக்ரோவில் ஆறு லட்சம் பேர். பாதிப் பேருக்கு நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர வேண்டும், பாதிப் பேருக்கு வேண்டாம், மீதிப் பேர் எதைக் கேட்டாலும் "முதல்ல உட்காரு" என்பார்கள்.

இந்த மீதிப் பேரை வேண்டும் என்று சொல்லவைப்பது ஸ்தானாவின் தலையில் விழுந்தது. வடக்கே ஒரு மலையூர் நகராட்சியில் அவள் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். தலைநகரிலிருந்து பிரச்சாரக் குழு வருகிறது, தொலைக்காட்சியில் நேரலை, நேட்டோவை வரவேற்கும் எளிய குடும்பம் ஒன்று வேண்டும், பிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார் நகராட்சித் தலைவர். அவள் பதினேழு வீட்டுக் கதவைத் தட்டினாள். பதினேழு வீட்டிலும் ரொட்டி கொடுத்தார்கள், பாலாடைக்கட்டி கொடுத்தார்கள், சம்மதத்தை மட்டும் கொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது அவளுடைய சொந்த வீடு. அதாவது, அவளுடைய அப்பா ராடிசாவ்.

தொண்ணூற்றொன்பது போரில் நேட்டோ விமானங்கள் எதிர்மலையில் போட்ட குண்டின் அதிர்ச்சியில் ராடிசாவ் வீட்டு முன்னறை ஜன்னல் நொறுங்கியது. பதினாறு வருடமாக அதற்குக் கண்ணாடி போடாமல் நைலான் தாளை ஆணியடித்து வைத்திருக்கிறார். "உடைச்சவன் வந்து போடட்டும்" என்பது அவர் கட்சி. பனிக்காலத்தில் அந்த அறையில் பல் தந்தியடிக்கும். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

"அப்பா, ஒரு மணி நேரம்தான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதீங்க, அது போதும்."

"பேசினா?"

"இந்த வேலையும் போச்சு. ஜெர்மனிக்குப் போய் ஏதாவது முதியோர் இல்லத்துல யாருக்காவது கால் கழுவிவிடுவேன். நீங்க ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருங்க."

ராடிசாவ் மீசையை நீவினார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். இவளும் போய்விட்டால் வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை.

"சரி. எதிர்த்து ஒரு வார்த்தை வராது. என் வாக்கு."

அந்த மலையில் தலை போனாலும் வாக்குப் போகாது. ஸ்தானா நிம்மதியாகத் தூங்கினாள். அங்கேதான் கோட்டைவிட்டாள். வாய்க்கு வாக்கு வாங்கியவள் கைக்கு வாங்கவில்லை.

அந்த வட்டார வீடுகளில் விருந்தாளிக்கு மூன்று காப்பி. வந்ததும் ஒன்று. பேச்சு சூடுபிடித்ததும் ஒன்று. மூன்றாவது சின்னக் கிண்ணத்தில், பாதி அளவு, பக்கத்தில் சர்க்கரைக் கட்டி இல்லாமல் வரும். அது வந்தால் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு அவர்கள் கண்டுபிடித்த மரியாதையான வழி அது.

சனிக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. தலைவன் பால்ஷாவுக்கு முப்பது வயது. தலைநகரில் இயந்திரக் காப்பி குடித்து வளர்ந்தவன். கூடவே நேட்டோ சார்பில் ஸ்பெயின் நாட்டுக் கர்னல் இபானெஸ், நரைத்த தலை. அவரை நைலான் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். விளக்குகள் எரிந்தன, தாள் படபடத்தது, வாசலில் ஊரே கூடி எட்டிப்பார்த்தது.

"நம்மள்ல ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரி. அதுதான் நேட்டோ" என்றான் பால்ஷா, கேமராவைப் பார்த்து. "ஐயா, நீங்க என்ன நினைக்கறீங்க?"

ராடிசாவ் எழுந்து அடுப்படிக்குப் போனார். வந்தவர்களுக்கு முதல் காப்பிகூட ஊற்றவில்லை. திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். பாதி அளவு. சர்க்கரைக் கட்டி இல்லை.

ஸ்தானாவின் ஆறு வருட உழைப்பு நாடே பார்க்க அந்தத் தட்டில் வந்துகொண்டிருந்தது.

பால்ஷா ஒரே மடக்கில் குடித்தான். "பிரமாதம் ஐயா. இன்னொண்ணு கிடைக்குமா?"

வாசலில் ஒருவர் தொப்பியை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.

கர்னல் கிண்ணத்தைப் பார்த்தார். படபடக்கும் ஜன்னலைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு முன்னால் பாஸ்னியாவில் அமைதிப்படையோடு மூன்று வருடம் கிடந்தவர். இந்தக் கிண்ணத்தை நாலைந்து வீட்டில் வாங்கியிருக்கிறார். மெதுவாகக் குடித்துவிட்டு எழுந்தார். நெஞ்சில் கை வைத்து, அந்த ஊர் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினார்.

"நன்றி, வீட்டுக்காரரே. நாங்க கிளம்பறோம்."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு சார்" என்றான் பால்ஷா.

"நமக்கு இல்ல தம்பி. எழுந்திரு."

கர்னல் வாசற்படி தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லுங்க" என்றார் ராடிசாவ். "போன்னா போகத் தெரிஞ்சவனோட சகவாசம் வெச்சுக்கலாம். உள்ள வாங்க, முதல் காப்பி போடறேன்." பால்ஷாவைப் பார்த்தார். "நீ வேணா வெளிய நில்லு."

வாக்கு மீறவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே.

அந்தக் காட்சியை நாடே திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தது. நேட்டோவுக்கு ஆதரவு ஏறியதா இறங்கியதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வேறு பேச்சே இல்லை, பிரச்சாரக்காரர்களுக்கு அதுவே போதும். ஸ்தானாவின் வேலை நிரந்தரமானது.

உத்தரவு வந்த அதே வாரம் ஸ்பெயினிலிருந்து ஒரு மரப்பெட்டியும் வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஜன்னல் கண்ணாடி, கர்னலின் கையெழுத்தில் ஒரு மன்னிப்பு. காப்பி குடித்துக்கொண்டே கண்ணளவில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். ராடிசாவ் அந்தச் சீட்டை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, ஏணியைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார். கண்ணாடி நாலு விரல் குறைந்தது. குறைந்த இடத்தில் பழைய நைலான் தாளை வெட்டி ஆணியடித்தார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்தானா கேட்டாள்: "இப்பவாவது ஆதரிக்கறீங்களாப்பா?"

ராடிசாவ் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், நைலானையும் தட்டிப் பார்த்தார்.

"நாலு விரல் தவிர" என்றார்.