கழற்றிய ஃபேன்

ஒரு வீட்டில் ஃபேனைக் கழற்ற வேண்டும் என்று அழைப்பு வந்தது. என்ன கோளாறு என்று கேட்டார் வயர்மேன். கோளாறு ஒன்றுமில்லை, அந்த அறையில் இனி ஃபேன் வேண்டாம் என்றார்கள். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த பையனாம், அந்த அறையில்தான் உயிரை மாய்த்துக்கொண்டானாம். வாசற்படியில் நின்ற அவன் அம்மா, "நல்லாத்தான் சாப்பிட்டான், நல்லாத்தான் பேசினான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். வயர்மேன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலையை முடித்தார். கூலி கேட்க வாய் வரவில்லை.

அவர் வீட்டிலும் ஒரு துரை இருந்தான், அவர் மகன். பட்டம் வாங்கியவன். இன்டர்வியூவுக்குப் போய்ப் போய்ச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளாகச் சோற்றைக் கோழி மாதிரிக் கொத்திவிட்டு, அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். "துரை எந்திரிச்சாச்சா?" என்று வம்புக்கு இழுத்தாலும் சண்டைக்கு வருவதில்லை. முன்பெல்லாம் வீடே இரண்டாகும்.

அன்று நேராக வீட்டுக்கு வந்த வயர்மேன், பையன் குளிக்கப் போன நேரத்தில் அவன் அறை ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டார்.

"நல்லா ஓடுன ஃபேனை எதுக்குக் கழட்டுனீங்க?" என்றாள் மனைவி.

"காயில் எரிஞ்சு போச்சு. புதுசாக் கட்டக் கடையில குடுத்திருக்கேன்."

"புள்ள உள்ள வேகுறானே!"

"ஒரு வாரத்துல வந்துடும்."

வாரங்கள் போயின. அவன் வியர்வையில் ஊறிக் கிடந்தான், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபேன் போய்விட்டது, இனி பயமில்லை என்று இவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். ஊரார் வீட்டிலெல்லாம் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொடமாட்டார். கரண்ட் இருக்காது என்று நினைத்துக் கை வைக்கும் ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். சொந்தப் பிள்ளை விஷயத்தில் அந்தச் சூரத்தனம் எங்கே போயிற்றோ! கேட்டால் சாகும் நினைப்பை நாமே அவன் தலைக்குள் போட்டுவிடுவோமோ என்ற பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் கூடத்தில் பழைய மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். பையன் வந்து எதிரில் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"ஃபேன் பரண்ல இருக்குப்பா. பார்த்தேன்."

"அது வந்து... காயில்..."

"பொய் சொல்லாதீங்க. ஏன் கழட்டுனீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்." அவன் குரல் உடைந்தது. "அப்பாவுக்குப் புரிஞ்சிருச்சு, இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவியது. மனைவி அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். வயர்மேன் மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சாகணும்னு தோணுதாடா?"

"தோணுதுப்பா. தினமும்."

இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று அந்தக் கடைசி நொடி வரை அவர் ஏங்கியிருந்தார். மனைவி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"பைத்தியம்னு சொல்லுவாங்கப்பா. தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா..."

"பார்க்கட்டும்."

"நாளைக்குப் போலாமே."

"நாளைக்கெல்லாம் வேணாம். சட்டையப் போடு."

பஸ்ஸில் வழி நெடுக மகனின் மணிக்கட்டை அவர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் விடுமுறை நாள் கூட்டம். சீட்டுப் பதியும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "யாருக்கு? என்ன பண்ணுது?" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்களில் அவருக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் கான்ட்ராக்டரும் இருந்தார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் தலை தப்பும். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"என் பையனுக்கும்மா," என்றார் வயர்மேன், கூட்டத்துக்கே கேட்கும்படி. "தினமும் சாகணும்னு தோணுதுங்கறான். இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் தலை குனிந்து நின்றான். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.