புது ஆள்

கதவைத் திறந்த பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னிக்கே வந்துட்டீங்களா? நாளைக்குத்தான் வருவீங்கன்னு சார் சொன்னாரு" என்று பையை வாங்கி உள்ளே வைத்தாள். நீலச் சட்டை, கழுத்தில் ஏஜென்சி அட்டை. சொந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நுழைய வேண்டியிருக்கிறதே என்று இவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அக்காவுக்கு ஆபரேஷன் என்று மூன்று வாரம் போயிருந்தாள். ஆறு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளக் கணவர் இந்தப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பெண்ணையே தொடர்ந்து வரச் சொல்லிவிட்டுத் தையல் யூனிட் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் வழியெல்லாம் யோசனை. யூனிட்காரம்மா இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தாள். கணவரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. பொறுமையில்லாமல்தான் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

"எனக்கு இன்னிக்கோட முடியுதுக்கா. நாளையிலேர்ந்து வேற ஆள் வர்றாங்கன்னு சார் ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டாரு. நீங்க எந்த ஏஜென்சி?"

இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்குத் திரும்பி வருவதாக இருந்தது இவள்தான். சுவரில் கல்யாணப் படம் தொங்கத்தான் செய்தது. அதிலிருக்கும் ஒல்லிப் பெண் இவள்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றாததில் தப்பில்லை. பதினெட்டு வருஷத்தில் இவளுக்கே சில நாள் சந்தேகம் வருகிறது. நான்தாம்மா இந்த வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் விட்டால்தானே!

"முதல்லயே கறாரா சொல்லிடுங்க. பெரியவர் வேலை மட்டும்தான். சமையல், துணி, பாத்திரம் எதுவும் கிடையாது. நான் சொன்னேன், சார் மறுபேச்சு பேசல. அவர் தட்ட அவரே கழுவிடுறாரு. பையன் துணிய அவனே மடிச்சுக்குறான். தங்கமான மனுஷங்கக்கா!"

காபி குடித்த தம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகிற மனிதர் அவர். பாவம், அவருக்கு வீட்டு வேலை எதுவும் தெரியாது என்றுதான் இவள் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. இவள் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி பெரியவர யாரு பாத்துக்கிட்டாங்களாம்?"

"நானும் கேட்டேன்க்கா. ஆள்னு யாரும் இல்ல, அதுபாட்டுக்கு நடந்துச்சுன்னாரு." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஏஜென்சிக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு கட்டுறாங்க. உங்களுக்கு எவ்வளவு பேசியிருக்கு?"

யூனிட்டில் அறுநூறு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இருநூறு நஷ்டம் என்றுதான் கணவர் சொல்லப்போகிறார், அந்தக் கணக்கிலும் பிசகில்லை. அப்படியானால் அந்த ஆறு வருஷம் எந்தக் கணக்கு?

ஆறு மணி அடித்ததும் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வர்றேன்க்கா, கேட்டு வாங்கிக்கோங்க" என்று படியிறங்கிப் போயும்விட்டாள்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று இவள் திரும்பிப் பார்த்தாள். இவளுக்கென்றால் "தண்ணி எங்க?" என்ற அதட்டல்தான். தண்ணீரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். கண்ணில் புரை விழுந்தவர், ஆள் நிழலாகத்தான் தெரியும். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா. என்னால உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். எவ்வளவு இதமாகப் பேசத் தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு! வாயைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"என்னம்மா, திங்கக்கிழமை வர்றியா இல்லியா? வேற ஆளப் பாக்கட்டுமா?"

"வர்றேம்மா" என்றாள், நன்றாகக் கேட்கும்படி.

மாமனாரின் முகம் மாறியது. "நீயா? சொல்றதுக்கென்ன?" என்று தம்ளரை நீட்டினார். "இந்தா, எடு."

இவள் கையை நீட்டவில்லை. மிச்சத் தண்ணீர் தளும்ப, அவர் கை அந்தரத்திலேயே நின்றது.