மூக்கடைத்த நாளில் ஓர் ஆல்டிஹைடு

அறிவியல் என்பது உண்மையை நோக்கிய தவம். அதிலும் கரிம வேதியியல், உயிரின் கருவறைக் கதவையே தட்டுகிற பெருந்தவம். தருமபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறைத் தலைவர் முனைவர் பிரபாகர், ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இப்படித்தான் தொடங்குவார். அவருடைய மாணவர்கள் அந்தத் தவத்தை மூக்கால் செய்துவந்தார்கள்.

செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு குழாயில் ஏதோ ஒரு சேர்மத்தைக் கொடுப்பார்கள். அதை எரித்து, கரைத்து, சூடாக்கி, வரிசையாகச் சோதித்து இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். காலையில் தொடங்கினால் மதியம் ஆகிவிடும். முகர்ந்து பார்த்தாலோ மூச்சு இழுக்கிற நேரம்தான். ஆஸ்பத்திரி வாடை அடித்தால் பீனால். கருவாட்டுக் கூடை என்றால் அனிலின். புத்தகம் கசப்பு வாதுமை மணம் என்று வர்ணிக்கிற பென்சால்டிஹைடுக்கு இவர்கள் வைத்த அடையாளம் பேக்கரி கேக். கசப்பு வாதுமையைத் தருமபுரியில் கண்டவர் யார்? பெயர் தெரிந்துவிட்டால் போதும். மனப்பாடமாக இருக்கிற சோதனைகளை எழுதி, ‘காண்பவை’ என்ற கட்டத்தில் காணாததையெல்லாம் நிரப்பிவிட்டால் தவம் பலித்துவிடும்.

இந்தக் கலையில் கரைகண்டவன் பாப்பாரப்பட்டி மாதவராஜ். மூடியைத் திறக்கும்போதே பெயரைச் சொல்லிவிடுவான். பையன்கள் அவனை மிஷின் என்று கூப்பிட்டார்கள். லேபிள் உரிந்துபோன பாட்டில் கிடைத்தால் பிரபாகர் சாரே அவனைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்.

ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி அவனைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எடுத்திருந்தது. ஒரு பேப்பரில்கூட அரியர் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவன் அப்பா அதற்குள் தக்காளி மண்டி முழுக்க, “பையன் மருந்து டெஸ்ட் பண்ற ஆபீசரு” என்று சொல்லி முடித்திருந்தார். மீதமிருந்தது இந்த ஒரு செய்முறைத் தேர்வு. இதில் விழுந்தால் அடுத்த வருஷம்தான். கம்பெனி அதுவரை காத்திருக்காது.

தேர்வன்று காலை அவனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

“வூட்டுல தைலம் இருக்கயில எதுக்குடா அழுவுற?” என்று அவன் அம்மா இரண்டு துவாரத்துக்குள்ளும் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். மூக்கு திறந்தது. திறந்ததும் உலகமே தைலமாக மணத்தது. பஸ் தைலம், கண்டக்டர் தைலம், கல்லூரி வாசலில் குடித்த டீயும் தைலம்.

ஆய்வகத்தில் அவனுக்கு வந்தது நிறமில்லாத ஒரு திரவம். முகர்ந்தான். தைலம்.

பக்கத்து மேசை ரஞ்சித்குமார் தன் குழாயை நைசாக நீட்டினான். “மிஷினு, இது என்னாடா?”

“தைலம்டா.”

“தைலமா? சிலபஸ்லயே இல்லியேடா!”

“மூக்கு போச்சுடா.”

“டேய், உனக்கு மட்டுமா போச்சு? கிளாசுக்கே போச்சுடா!”

மாதவராஜுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதில் இதுவரை அந்த ஆய்வகத்தில் யாரும் போனதில்லை. புத்தகத்தில் சொல்லியிருப்பதைச் செய்து பார்ப்பது.

ஆய்வக உதவியாளர் பானுமதியிடம் போய் நின்றான். “அக்கா, பைகார்பனேட்டு, பெர்ரிக் குளோரைடு, ஷிஃப் ரீயேஜன்ட்டு எல்லாம் வேணுங்க.”

“என்னாத்துக்கு?”

“டெஸ்ட் பண்ணணுங்க்கா.”

“எக்ஸாம் அன்னிக்கா? எதுக்கு சாமி இந்த விஷப் பரீட்ச?” என்றாலும் பாட்டில்களைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள்.

கரண்டி நுனியில் ஒரு சொட்டு விட்டு எரித்தான். கரும்புகை கிளம்பியது. விரல் சுட்டது.

“யார்ரா அங்க? என்னா பத்திக்கிச்சு?” என்று பிரபாகர் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“டெஸ்ட்டுங்க சார்.”

“பாத்து, பாத்து. மொதல்ல ஜன்னலத் தொற.”

பைகார்பனேட்டில் நுரைக்கவில்லை, ஆகவே அமிலம் இல்லை. பெர்ரிக் குளோரைடில் ஊதா வரவில்லை, பீனால் இல்லை. கடைசியில், ஆல்டிஹைடைக் காட்டிக்கொடுக்கிற ஷிஃப் கரைசலில் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவையும் தைலத்தையும் மனதுக்குள் திட்டத் தொடங்கியபோது குழாயின் அடியில் இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்தது. பார்க்கப் பார்க்க அடர்ந்து கோழிக்கொண்டைப் பூவின் நிறத்துக்கு வந்து நின்றது. அந்த நிறத்தை அவன் எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். பார்ப்பது இப்போதுதான்.

“அக்கா, இங்க பாருங்களேன்!”

பானுமதி எட்டிப் பார்த்தாள். “அட, நெசமாவே வருது!”

ஆல்டிஹைடுதான். உறுதிப்படுத்த, குழாய்க்குள் வெள்ளி படிகிற இன்னொரு சோதனை உண்டு. “சில்வர் நைட்ரேட் குடுங்க்கா.”

“அது தீந்து ரெண்டு வருசமாச்சு. வாங்கித் தாங்கன்னா, வெல கூடன்றாங்க.”

மாதவராஜ் திரும்பி வந்து மீதியை எழுதி முடித்தான்.

வெளித்தேர்வாளர் நிர்மலா மேடம் சேலத்திலிருந்து வந்திருந்தார். பிரபாகர் சார் இளநீர் கொடுத்து, துறையின் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மேடம் உறிஞ்சிக்கொண்டே விடைத்தாள்களைப் புரட்டினார்.

“சார், இதுவரைக்கும் பாத்ததுல ஆல்டிஹைடு வந்தவங்க எல்லாருக்கும் சில்வர் மிரர் வந்திருக்கு. டியூபுக்குள்ள வெள்ளி கண்ணாடியாட்டம் படிஞ்சு நிக்கும், அவ்வளவு அழகா இருக்கும். ஒண்ணக் காட்டுங்களேன்.”

“பசங்க கழுவி வெச்சிருப்பாங்க மேடம். சுத்தம்ங்கறது எங்க டிபார்ட்மென்ட்ல...”

“அது லேசுல போவாதுங்களே. சரி, சில்வர் நைட்ரேட் பாட்டிலயாச்சும் காட்டுங்க.”

பானுமதி மின்விசிறியைப் பார்த்தாள். பிரபாகர் சார் பானுமதியைப் பார்த்தார். ரஞ்சித்குமார் தன் செருப்பைப் பார்த்தான்.

மேடம் எழுந்து மேசை மேசையாக நடந்தார். எல்லாக் குழாய்களும் கடையில் வாங்கியதுபோல் காய்ந்து கிடந்தன. மாதவராஜின் மேசையில் மட்டும் கரி, சிந்திய நீர், ஒரு சிவந்த குழாய்.

“இது நீ செஞ்சதா?”

“ஆமாங்க மேடம்.”

“பைகார்பனேட் எதுக்குப் போட்ட?”

“ஆசிட் இல்லன்னு தெரிஞ்சுக்கத்தாங்க மேடம். நுரைக்கலீங்க.”

இன்னும் நாலு கேள்வி கேட்டார். இப்போதுதான் கையைச் சுட்டுக்கொண்டு செய்தது, அதனால் பதில் தடுமாறாமல் வந்தது. மேடம் விடைத்தாளைத் திறக்காமலே அதன் முகப்பில் முழு மதிப்பெண்ணைச் சிவப்பு மையில் போட்டார். “இந்த ஹால்ல கெமிஸ்ட்ரி பண்ணவன் இவன் ஒருத்தன்தான். மத்தவங்க உக்காருங்க, மொதல்ல இருந்து செய்யணும்.”

மாதவராஜுக்கு ஓசூர் பஸ்ஸின் ஹாரனே காதில் கேட்டது.

“எல்லாம் நாங்க குடுக்கற பயிற்சி மேடம்,” என்றார் பிரபாகர் சார். சொன்ன வேகத்தில் விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டார். “எல்லாரும் கேளுங்க. பேப்பர்னா எப்படி இருக்கணும்னு வாசிக்கறேன்.”

“சார், வேணாங்க சார்...”

“அடக்கத்தப் பாருங்க மேடம்!”

கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து, முதல் வகுப்பின் குரலில் வாசித்தார். கரும்புகை வந்தது. நுரை வரவில்லை. சிவப்பு வந்தது. மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிரபாகர் சார் பக்கத்தைத் திருப்பினார்.

அடுத்த பக்கத்தின் முதல் வரியில், குழாயின் உட்சுவரில் வெள்ளி பளபளவென்று படிந்ததை மாதவராஜும் கண்டிருந்தான்.