சிப்பாய் கோவர்த்தனனின் டிஸ்சார்ஜ்

காஷ்மீர் பனிச்சரிவில் 1948-இல் செத்துப்போன சிப்பாய் கோவர்த்தனன், அதற்கடுத்த பதினோரு வருஷமும் ஏப்ரல் பத்தாம் தேதி தவறாமல் முப்பது நாள் லீவில் சத்தியவேடு பக்கத்து ஆலப்பேட்டுக்கு வந்துபோனான். கும்மிடிப்பூண்டியில் ரயிலிறங்கி, தகரப் பெட்டியைத் தலையில் வைத்து நடந்து வருவான். வேர்க்கடலை பிடுங்குவான், கூரை மாற்றுவான், மே மாதம் லீவு முடிந்ததும் புறப்பட்டுவிடுவான். பெண்சாதி தாட்சாயணி பொட்டை அழிக்கவில்லை. ஊரும் வாயைத் திறக்கவில்லை. லீவுச் சீட்டில் முத்திரை சரியாக இருந்தது. முத்திரை சரியாக இருக்கும்போது ஆள் இருக்கிறானா இல்லையா என்று கேட்க நாம் யார்?

சீட்டுக் கொடுத்தவர் கூடப்பிறந்த அண்ணன் எத்திராஜ். டில்லியில் மேஜர் ஜெனரல். சண்டை நடத்துகிற ஜெனரல் இல்லை. ஆள்சேர்ப்பு, லீவு, ஓய்வு, சாவு என்று லட்சக்கணக்கான சிப்பாய்களின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்கிற ஜெனரல். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர் என்ற பெயரும், அதனால் கொஞ்சம் தூக்கலான பெருமையும் அவருக்கு உண்டு. தம்பி புதைந்ததைக் கண்ணால் கண்ட மூன்று பேரின் வாக்குமூலம் அவர் மேஜைக்குத்தான் வந்தது. பட்டியலிலிருந்து பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார், மனசு வரவில்லை. பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே அவர்தானே. காகிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் லீவுப் பட்டியலில் அந்த ஒரு வரி வரும்போது கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தம்பி முகத்தைப் பார்க்கப் பயந்து ஊருக்கே போகவில்லை.

1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போக, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தன. கோவர்த்தனனின் சீட்டிலோ விலாசம் செங்கல்பட்டு ஜில்லா, சென்னை ராஜ்யம் என்றே இருந்தது. பத்தாம் தேதி வந்தவன் புதிதாக நட்ட எல்லைக் கல்லோடு நின்றுவிட்டான். எடுத்த கால் இந்தப் பக்கம் இறங்கவில்லை. ஊர்க்காரர் ரங்கையாவின் மாட்டு வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி தாண்டியது, அவன் கல்லருகிலேயே நின்றான். தாட்சாயணி ஐந்து நாள் கேழ்வரகுக் களியும் குழம்பும் அங்கேயே சுமந்தாள். ஆறாம் நாள் டில்லிக்குத் தந்தி அடித்தாள்.

எத்திராஜ் வந்தார். பன்னிரண்டு வருஷம் பார்க்காத தம்பி, அரும்பு மீசை மாறாமல் வெயிலில் நின்றிருந்தான்.

"விலாசத்த மாத்தி எழுதிக் குடுத்துடறேம்மா."

"வாணாம் மாமா," என்றாள் தாட்சாயணி. "அவருக்கு இன்னும் இருவத்திநாலு. எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. இப்டியே வந்துக்கினு போய்க்கினு இருந்தார்னா, நாளைக்கி என்னை அவரோட அம்மான்னுவாங்க. ஒண்ணு, பேரை அடிச்சுட்டு எம்பொட்டை எடுத்துடுங்க. இல்லன்னா முழுசா வூட்டுக்கு அனுப்பிடுங்க."

எத்திராஜ் தம்பியைப் பார்த்தார்.

"அங்க ரொம்பக் குளிருதுண்ணா," என்றான் கோவர்த்தனன்.

ஊர் பார்க்க, உடுப்போடு நின்று ஜெனரல் அழுதார். பிறகு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதினார்: சேவை முடிந்தது, டிஸ்சார்ஜ் செய்யப்படுகிறார், வீட்டு விலாசம் ஆலப்பேடு, சித்தூர் ஜில்லா, ஆந்திரப் பிரதேசம். பொய் என்று தெரிந்தே, இம்முறை காகிதத்தை நேராகப் பார்த்துக் கையெழுத்திட்டார். கோவர்த்தனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி வீட்டுக்கு நடந்தான்.

டில்லி திரும்பியதும் எத்திராஜ் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பொய்க் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட்டதாக ஒரே வரியில் காரணம் எழுதினார். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயில் பக்கம் சின்ன வீடு எடுத்துக்கொண்டார். மறுவருஷம் கோவர்த்தனனுக்கு இருபத்தைந்து ஆனது, அதற்கடுத்த வருஷம் இருபத்தாறு. சனிக்கிழமைதோறும் புத்தூர் வழியாக பஸ்ஸில் வந்து அண்ணனுக்குக் கத்திரிக்காயும் கீரையும் கொடுத்துப் போவான். அவன் போனபிறகு எத்திராஜ் வாசலிலேயே வெகுநேரம் நிற்பார்.

1972-இல் எத்திராஜ் இறந்தார். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்கவேண்டும். கோவர்த்தனன் தலையை மழித்து, ஈர வேட்டியோடு பானையைத் தோளில் சுமந்து மூன்று சுற்று வந்து கொள்ளி வைத்தான். சுடுகாட்டுப் பதிவேட்டில் கொள்ளி வைத்தவர் தம்பி, வயது முப்பத்தாறு, விவசாயம் என்று எழுதிக்கொண்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.