சூடில்லாமல் எரிந்த வைக்கோல் போர்

1971ஆம் வருஷம் கார்த்திகை பதினாறாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, புளிச்சகுடி மிராசுதார் பஞ்சநதத்தின் வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தது. அந்தத் தீயில் சூடு இல்லை. தென்னை உயரத்துக்கு எழும்பிய தீக்கு நான்கு முழம் தள்ளிக் கட்டியிருந்த கன்றுக்குட்டி நின்ற இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. மேலே கவிந்திருந்த புளியமரத்தில் ஓர் இலைகூட வாடவில்லை. குடத்தோடு ஓடிவந்த பெண்கள், முகத்தில் அனல் அடிக்காததால் எதுவரை போகலாம் என்று தெரியாமல் தீக்குள்ளேயே போய்விடப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது வண்டி வைக்கோல் சாம்பலாயிற்று. சாம்பலைத் தொட்டுப் பார்த்தவர்கள் ஆற்று மணல்போலச் சில்லென்று இருந்ததாகச் சொன்னார்கள்.

அந்தச் சூடு வீணாகப் போய்விடவில்லை. அதே பதினோரு மணிக்கு, எட்டு மைலுக்கு அப்பால், குடவாசல் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீரையனின் உடம்பில் அது வந்து ஏறியது. வேர்வை முதலில் ஆவியாயிற்று. பிறகு சட்டை மொரமொரத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். பெஞ்சுப் பலகையில் அவன் உட்கார்ந்த இடம் கருகிய தடம் வெகுகாலம் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் ஜனங்கள் பட்டா மாறுதலுக்குக் காத்திருந்தார்கள். வீரையனுக்கு வலி எதுவும் இல்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் அங்கே வந்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். புது ஆட்சி வந்து, குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் போட்டிருந்தது. பஞ்சநதத்தின் மூன்று ஏக்கரைப் பன்னிரண்டு வருஷம் வாய்ப்பேச்சில் உழுதுவந்த வீரையன், ஊரிலேயே முதல் ஆளாகப் போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டான். அன்று அதன் நகல் வாங்கப் போயிருந்தான். பஞ்சநதத்துக்கோ பெற்ற பிள்ளை கைநீட்டி அடித்த மாதிரி இருந்தது. அந்தக் குறுவையில் கூலித் தகராறும் சேர்ந்துகொண்டது. வரப்பில் செங்கொடி நட்டுவிட்டு உள்ளூர் ஆட்கள் யாரும் அரிவாளைத் தொடவில்லை. பஞ்சநதம் மேற்கே புஞ்சைக் காட்டிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். சோளத்தட்டையை அடுக்கிப் பழகிய அந்த ஆட்கள் ஐப்பசித் தூறலில் நனைந்த வைக்கோலை அப்படியே அள்ளிப் போர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புளிச்சகுடியில் மூன்று வெயில் காட்டாமல் யாரும் வைக்கோலைப் போர் போட்டதில்லை. அதனாலேயே ஈர வைக்கோல் என்ன செய்யும் என்பதைப் புளிச்சகுடியில் யாரும் பார்த்ததும் இல்லை. தொழில் தெரிந்த ஊருக்கு இப்படியும் ஒரு குறை உண்டு.

குடவாசல் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திய லியாகத் அலி சைக்கிளில் வந்து, விசாரணைக்கு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பார்த்தார். "ஈரமா அடுக்கினா உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சூடு ஏறுங்க. வெளியே போக வழியில்லாம ஒருநாள் தானே பத்திக்கும்."

"ஆள் வைக்காத தீயா? பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லிக்குடுக்குறீங்களா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீரையன் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போர் ஓரமாக நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கங்கு ஒன்றை வரட்டிக்குள் வைத்துச் செருகிவிட்டால் பற்றிக்கொள்ள ஐந்து மணி நேரம் ஆகும் என்று போலீஸ் கணக்குச் சொன்னது. மற்றபடி, எரிந்த போரின் சூடு எவனிடம் இருக்கிறதோ அவன்தானே எரித்தவன் என்று அரசு வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எல்லாருக்கும் பட்டது. வீரையனுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. திருச்சி ஜெயிலில் அவனைத் தனி அறையில் வைத்தார்கள். மார்கழியில் அந்த அறைச் சுவருக்கு மறுபக்கம் படுக்கக் கைதிகள் போட்டி போட்டார்கள். சித்திரையில் அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அவன் மனைவி அகிலாண்டத்துக்கு மட்டும் வக்கீல் பேச்செல்லாம் பொருட்டாக இல்லை. அவளை அரித்தது வேறு. அன்று விடிகாலை அவள் அடுப்பைக் கிளறியபோது கங்கு குறைந்திருந்ததாகத் தோன்றியது. கிளம்புகிற நேரத்தில் பீடி பற்றவைக்க வீரையன் ஒரு கங்கு எடுப்பது வழக்கம்தான். அன்று எடுத்தது ஒன்றுதானா, இரண்டா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. முந்தின நாள் சாப்பாட்டில் உட்கார்ந்து, "அந்தப் போரோட சேர்ந்து அவரும் எரிஞ்சு போகட்டும்" என்று அவன் சொன்னதும் காதில் இருந்தது. யாரிடமும் இதை அவள் சொல்லவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை.

1974 தையில் வீரையன் திரும்பி வந்தபோது லியாகத் அலி பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து பார்த்தார். தொண்ணூற்றாறு டிகிரி சென்டிகிரேடு. அவர் வருஷாவருஷம் தை மாதம் வந்து குறித்துக்கொண்டு போனார். எண்பத்து நாலு, எழுபத்தைந்து, அறுபத்தேழு. "சூடு காணாமப் போகாதுங்க, இடம்தான் மாறும். உங்ககிட்ட இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும்" என்றார். சாதாரண மனுஷ உடம்பின் முப்பத்தேழுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று வீரையன் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல வேகமா இறங்கும். கிட்ட வர வர நிதானமாயிடுங்க."

பதிவேட்டில் பெயர் இருந்ததால் நிலத்தை யாராலும் பிடுங்க முடியவில்லை. அவன் இறங்கினால் சேற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். நண்டும் தவளையும் அடுத்த வயலுக்குக் குடிபோய்விடும். அவன் பயிர் பத்து நாள் முந்தி முற்றியது. ஊருக்கும் அவனால் உபகாரம் இருந்தது. அடைமழைக் காலத்தில் ஈரப்பதம் அதிகம் என்று அரசாங்கக் கொள்முதல் நிலையம் நெல்லைத் திருப்பி அனுப்பினால், கொண்டுவந்து அவனைச் சுற்றிப் பரப்புவார்கள். கொட்டகைக்கு நடுவே அவன் உட்கார்ந்திருப்பான். சுற்றிலும் வட்டமாக நெல் காயும். காய்ந்ததும் நீளமான பலகையால் இழுத்து வாரிக்கொண்டு, தள்ளி நின்றபடியே "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பஞ்சநதத்தின் நெல்லும் வந்தது. தீவைத்தவன் என்று சொன்ன வாயெல்லாம் அவனிடம் நெல் காயவைத்துக்கொண்டது. பத்தடிக்கு இப்பால் மட்டும் ஒருவரும் வரவில்லை. மனுஷனுக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் அகிலாண்டம் அகப்பைக் காம்பால் தட்டை அவன் பக்கம் தள்ளிவிடுவாள். கூடத்தின் இரண்டு கோடியில் இரண்டு பேரும் படுத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. நடுவே தரை மட்டும் வருஷம் முழுவதும் ஈரமில்லாமல் இருந்தது. லியாகத் அலி வந்து போகிற நாளில் அவள் சுவரில் கரியால் அந்த எண்ணை எழுதிவைத்து, மறுநாள் தன் பாயை அவன் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் போடுவாள். அவளுக்குச் சந்தேகமும் இருந்தது, அவன்மேல் ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தின.

1980 தையில் சுவரில் ஐம்பத்திரண்டு என்று எழுதிய மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இருக்கிற துணியெல்லாம் போர்த்தியும் பல் கிட்டியது. வீரையன் பாயின் விளிம்புவரை வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் கிட்ட வாங்க."

"சுட்டுடும்டி."

"சுடட்டும்." பிறகு அவள் கேட்டாள். "அன்னிக்கு எத்தனை கங்கு எடுத்தீங்க?"

எட்டு வருஷமாக அவளுக்குள் இருந்தது என்ன என்று வீரையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "ஒண்ணுதான். பீடிக்கு" என்றான்.

"சரி" என்றாள் அகிலாண்டம். அந்தச் சரி நம்பிய சரியா, அலுத்துப்போன சரியா என்று அவள் முகத்தைப் பார்த்து அவன் தெரிந்துகொள்வதற்குள் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் உச்சிப்பொழுதில் செத்துப்போனாள்.

இனி சுடுமே என்று பயப்பட யாரும் இல்லை. வீரையன் அவளைத் தூக்கி மடியில் போட்டுக் கட்டிக்கொண்டான். எட்டு வருஷத்து ஆசை தீரப் பொழுது சாயும்வரை கட்டிக்கொண்டிருந்தான். அவள் மேல் தோல் கொப்புளிக்கவில்லை. பங்காளிகள் வந்து அவனை விலக்கியபோதுதான், அவனைத் தொட்டுத் தூக்குகிறோம் என்பதே அவர்களுக்கு உறைத்தது. அவன் கை சாதாரண மனுஷன் கையாக இருந்தது. அவள்தான் கதகதவென்று இருந்தாள். சூடாக இருக்கிற உடம்பை எப்படி எடுப்பது என்று ஊர் தயங்கியது. கம்பவுண்டர் மூன்று முறை நாடி பார்த்து, உயிர் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். மறுநாள் காலையிலும் அந்தச் சூடு ஆறவில்லை; எடுத்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் விறகும் வரட்டியும் அடுக்கி, அவளைக் கிடத்தி, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசினார்கள். தைப் பனியில் வைக்கோல் நனைந்திருந்தது. வேறு வைக்கோல் இல்லை. கொள்ளிச் சட்டி இன்னும் கரை மேட்டில், நாவிதர் கையில் இருந்தது. வீரையன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தான். அப்போது பூசிய மண் வெடித்தது. வெடிப்பு வழியே முதலில் வெள்ளைப் புகை, பிறகு மஞ்சள் புகை, பிறகு தீ. உள்ளேயிருந்துதான் வந்தது. நாற்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தீயில் சூடு இருந்தது. எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போனார்கள்.

குடையோடு வந்திருந்த பஞ்சநதம், யாரும் கேட்காமலே, "தானாத்தான் பத்துது" என்றார். ஐம்பத்திரண்டு டிகிரியில் வைக்கோல் பற்றாது என்பது லியாகத் அலிக்குத் தெரியும். இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வீரையன் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தீக்குப் பக்கத்தில் போனான். தான் தீ வைக்கவில்லை என்பதை அந்த நாற்பது பேரில் ஒருவனாவது பார்க்க வேண்டும் என்றுகூட அவன் எட்டு வருஷத்தில் நினைத்ததில்லை. "பாத்தியா அகிலாண்டம், நான் வைக்கல" என்றான். தீ சடசடவென்று எரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனைத் தீவைத்தவன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார்கள். ஈர நெல்லோடு ஒருவரும் கொட்டகைக்கு வரவில்லை, வருவதற்குக் காரியமும் இல்லை. சுவரில் ஐம்பத்திரண்டுக்குக் கீழே முப்பத்தேழு என்று அவனே எழுதினான். அவள் பாயைச் சுருட்டாமல் விட்டிருந்தான். அந்த இடத்துத் தரை மற்றவர்கள் வீட்டுத் தரைபோல ஓதம் ஏறத் தொடங்கியது. மார்கழி வந்தபோது வீரையனுக்குக் குளிரெடுத்தது. குடவாசல் சந்தையில் ஒரு கம்பளி வாங்கிக்கொண்டான்.