எக்ஸ்பைரி இல்லாத கடன்

"உங்க வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டேங்கிறார் மேடம்."

மருந்துக் கடை கவுண்டரில் இருமல் மருந்துக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வந்தவன் அடியாள் மாதிரி இல்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தோளில் ஒரு பை. வாக்கியத்துக்கு இரண்டு 'மேடம்'.

"ஆப் லோன் மேடம். மூணு தவணை பாக்கி. சார் ரொம்ப நல்லவர். அதான் மரியாதையா உங்க காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்."

வரிசையில் நின்றவர்கள் தலைவலி, வயிற்றுவலி எல்லாவற்றையும் மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த முதலாளி, பாதியில் நிறுத்திப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், வீட்டுக்குள் காலை வைத்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் காத்திருந்தாள். மேஜை மேல் சாப்பாடு இல்லை.

"உட்காருங்க. மொத்தம் எத்தனை?"

"எது எத்தனை?"

"திருட்டு முழி முழிக்காதீங்க. கடன்."

முதலில் ஒன்று என்றான். அவள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு என்றான். அப்புறம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பைக் லோன். கிரெடிட் கார்டு. கார்டை அடைக்க ஆப். ஆப்பை அடைக்க பேங்கில் பர்சனல் லோன். அதை வாங்கி ஆப்பை அடைக்காமல் டிவி.

"நடுவுல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் லிஃப்ட்டைத் திறந்து வெளியே எடுக்கறீங்க. நீங்க மாட்டிக்கிட்டா பெல் அடிக்கத் தெரியாதா?"

அவன் நகத்தைப் பார்த்தான். கிரீஸ் கறுப்பு.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. அக்கா."

"அண்ணிகிட்டயுமா!"

அக்காவுக்குக் கடைத்தெரு முனையில் ஒரு சின்னத் தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும். "என் கடைக்கு ரெண்டே ஜாதி ஆளுங்கதான் வருவாங்க. குண்டானவங்க, இளைச்சவங்க" என்பாள். முனைக் கடை என்பதால் இரண்டு பக்கமும் வெயில் விழும். பகல் வெளிச்சத்தில் நூல் கலரைத் துணியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துத்தான் ஊசியில் கோப்பாள். தையல் போட்ட இடம் எதுவென்று துணிக்காரருக்கே தெரியாது.

இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் நின்றபோது அந்த அக்காதான் ஒரு துணிப்பையில் பணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "கடை ஓனர் என்னைக்காவது விக்கறேன்னா வாங்கிப் போட்டுடலாம்னு சேர்த்ததுடா. பெரியவர் இருக்கிற வரைக்கும் விக்க மாட்டார். அதுவரைக்கும் உன்கிட்ட இருந்தா என்ன, பேங்க்ல இருந்தா என்ன?" என்றாள்.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவள் எடுக்கவில்லை என்பதால் அவனும் எடுக்கவில்லை.

மனைவி மாத்திரை டப்பாவின் காலி அட்டைகளை எடுத்து வந்தாள். ஒரு கடனுக்கு ஓர் அட்டை, மேலே பேர் எழுதி.

"எங்க கடையில சரக்கு எப்படி அடுக்குவோம் தெரியுமா? எதுக்கு எக்ஸ்பைரி முதல்ல வருதோ அது முன்னாடி. தள்ளி வர்றது பின்னாடி. அப்படி அடுக்கினா ஒரு மாத்திரை வீணாப் போகாது. இதையும் அப்படியே அடுக்கிடலாம்."

ஆப் முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் பைக், கார்டு, பேங்க். அக்காவின் அட்டை அவள் கையில் நின்றது.

"அண்ணி எப்பத் திருப்பித் தரச் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"இடையில கேட்டாங்களா?"

"ம்ஹும்."

"அப்ப இதுக்கு எக்ஸ்பைரியே இல்லை." எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தாள்.

அவனுக்கு அந்த நிமிஷம் ஏதோ உறுத்தியது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது. கேட்டால் கொடுக்க வேண்டி வருமோ என்று விழுங்கிவிட்டான்.

திட்டம் தயார். அவன் ஓவர்டைம் முழுக்கக் கடனுக்கு. கார்டை அவளே கத்தரித்தாள், மாத்திரை வெட்டும் கத்தரியால். கடன்காரர்களை மாதாமாதம் சம்பள நாளில் இவர்களே கூப்பிட்டு இவ்வளவு தருகிறோம் என்று சொல்லிவிடுவது. மற்ற நாளில் தெரியாத நம்பர் எதையும் எடுக்கக் கூடாது.

"அவனுங்க நாளுக்கொரு நம்பர்ல வருவானுங்க. பேச்சுக் கொடுத்தா நீங்க இளகிடுவீங்க. இன்னொரு ஆப்ல வாங்கி அடைக்கச் சொல்லுவான், நீங்களும் தலையாட்டுவீங்க. எடுக்காதீங்க. மறுபடி அடிச்சா பிளாக் பண்ணுங்க."

திட்டம் வேலை செய்தது. அதுதான் பிற்பாடு அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

முதலில் ஆப் ஒழிந்தது. 'மரியாதை' என்று அவர்கள் பேர் வைத்திருந்த அந்த இஸ்திரிச் சட்டைக்காரன், "நன்றி சார், மறுபடி தேவைப்பட்டா சொல்லுங்க சார்" என்று மெசேஜ் அனுப்பினான். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து பைக். அப்புறம் கார்டு. ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் அதே வரிசையில் ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழிக்கும்போது வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனான்.

அக்கா ஒருநாள் வந்தாள். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

"ஏன்டா, நான்தான் லாஸ்ட் பெஞ்சா?"

"அண்ணி, அது வந்து..." என்று மனைவி நெளிந்தாள்.

"அட, சும்மா கேட்டேம்மா. லாஸ்ட் பெஞ்சுலதான் காத்து நல்லா வரும்." சேரை அவன் பக்கம் திருப்பினாள். "கடை ஓனர் பெரியவருக்கு உடம்பு சரியில்லையாம். பையன்தான் இப்பல்லாம் வாடகை வாங்க வர்றான்."

"வயசாச்சுல்ல" என்றான் அவன்.

"ஆமா, வயசாச்சு."

நாற்காலியில் கிடந்த அவன் யூனிஃபார்மை எடுத்துப் புரட்டினாள். "பாக்கெட் இப்படிப் பிஞ்சு தொங்குது. லிஃப்ட் தலைமேல நின்னு குனியறவன், போன் பள்ளத்துல விழுந்தா என்ன பண்ணுவ?" கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, இரட்டைத் தையல் போட்டு, மேலே ஒரு மூடியும் வைத்துக் கொடுத்தாள். டீ குடித்தாள். போய்விட்டாள்.

பணத்தைக் கேட்கத்தான் வந்தாள் என்பது அவனுக்கு அன்று தோன்றவில்லை. அவள் போன பிறகு, "அண்ணி தங்கம்ங்க" என்றாள் மனைவி. அவனும் ஆமாம் என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தேங்கிக் கிடந்த ஓவர்டைம் மொத்தமாக வந்தது. அக்காவுக்குத் தர வேண்டியதில் முக்கால்வாசி இருக்கும். மனைவி போனிலேயே கணக்குப் போட்டாள்.

"பேங்க் லோனை இன்னைக்கே முடிச்சிடுங்க. மிச்சத் தவணைக்கு வட்டி விழாது."

அரை நாள் லீவு போட்டு பேங்குக்கு ஓடினான். டோக்கன் வாங்கி உட்கார்ந்தான். மூடி போட்ட பாக்கெட்டுக்குள் போன் அடித்தது.

தெரியாத நம்பர்.

எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த பெரிய மீசைக்காரர் முறைத்தார். கட் பண்ணினான். மூன்றாவது தடவை. 'கடனை அடைக்க வந்த இடத்துல கூடவா!' என்று பல்லைக் கடித்தான். நான்காவது முறை அடித்தபோது விரல் தானாகப் போய் பிளாக்கை அழுத்தியது.

அமைதி.

அவன் டோக்கன் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சீல் குத்தி, "வாழ்த்துக்கள் சார். தவணைக்கு முன்னாடியே முடிக்கிறவங்களை நாங்க பார்க்கறதே அபூர்வம்" என்றாள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கேக் வாங்கினான். இரண்டு பேரும் சேர்ந்து அட்டையைக் கிழித்தார்கள். ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு அட்டை மிஞ்சியது.

"இனிமே அண்ணிதான்" என்றாள் மனைவி. "மாசாமாசம் நாமளே கொண்டுபோய்க் கொடுக்கணும். முதல் தவணையை அண்ணி மூஞ்சியைப் பார்த்துக் கொடுக்கணும்ங்க."

அடுத்த மாதச் சம்பளம் வந்து, அந்த முதல் தவணையைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் கடைத்தெரு முனைக்குப் போன அன்று, அங்கே அக்காவின் கடை இல்லை.

இரண்டு பக்கச் சுவரையும் இடித்துக் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் ஏணியில் நின்றிருந்தார்.

"அண்ணே, இங்க ஒரு தையல் கடை..."

"அது போன மாசமே காலி பண்ணிட்டாங்களே. இங்க மொபைல் ஷோரூம் வருது. என்ன தைக்கணும் உனக்கு?"

அக்காவுக்கு அடித்தான். எடுத்தாள். பின்னால் நூறு மெஷின் ஓடுகிற சத்தம். "வேலையில இருக்கேன்டா. ஷிஃப்ட் முடிஞ்சு பேசறேன்."

"எந்த வேலை? எங்க இருக்க?"

சட்டைக் கம்பெனியின் கேட்டில் காத்திருந்தான். சங்கு ஊதியதும் கும்பலாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு. அக்காவை அவன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோட்டின் கை அவளுக்கு நீளம். ஊர் துணிக்கெல்லாம் அளவு பார்த்தவள், அதை மடித்துக்கூட விடவில்லை.

"என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"கடை எங்கக்கா?"

"பெரியவர் போய்ச் சேர்ந்துட்டார்டா. பையன் வித்துட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. முதல்ல என்கிட்டதான் வந்தான். 'அப்பா உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னார். வேற பார்ட்டி நெருக்கறாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் மட்டும் கொடுத்துடுங்க'ன்னான். நீ தர வேண்டியதுல பாதி இருந்தாப் போதும். மிச்சத்துக்கு லோன் ஏற்பாடு ஆகியிருந்தது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என் போன் ஸ்கிரீன் உடைஞ்சு ரிப்பேர்ல கிடந்துச்சு. அந்தப் பையன் போன்லதான் உனக்கு அடிச்சேன். மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் உன்னுது ஒண்ணுதான். நாலு தடவை அடிச்சேன். அப்புறம் லைனே போகல." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சரி, பிள்ளை எங்கயோ லிஃப்ட் மேல ஏறி நிக்கறான் போல, குனிஞ்சு போனை எடுக்கப் போய் கால் வழுக்கிடப் போவுதுன்னு விட்டுட்டேன்."

"என்னைக்கு அது?"

"போன மாசம் முதல் வெள்ளிக்கிழமை."

அவன் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த அதே வெள்ளிக்கிழமை. லிஃப்ட் மேலதான் இருந்தேன் என்று சொல்லிவிடலாம். அவளே பொய்யை இரட்டைத் தையல் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறாள். வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் லிஃப்ட் மேல இல்லக்கா. பேங்க்ல இருந்தேன்."

அவள் சேலைத் தலைப்பைக் கீழே விட்டாள்.

"கையில பணம் இருந்துச்சு. கடன்காரன்னு நினைச்சேன். நான்தான் பிளாக் பண்ணினேன்."

ஷிஃப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. நீலக் கோட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, பஸ்ஸு!" என்று கூப்பிட்டாள். அக்கா கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னாள்.

"அன்னைக்கே கட்டினதுல வட்டி எவ்வளவுடா மிச்சமாச்சு?"

"ஒரு ஜோடி ஷூ வாங்கலாம்."

அவள் தலையாட்டினாள். திட்டியிருந்தால் தேவலாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் தேவலாம். அவள் அவன் பாக்கெட் மூடியைத் தூக்கி, தையலை விரலால் இழுத்துப் பார்த்தாள். பழக்கம். "நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

"இங்க என்னக்கா தைக்கிற?"

"காலர். காலர் மட்டும். சட்டையை முழுசாப் பார்த்தே நாளாச்சு." சிரிக்கப் பார்த்தாள். "ட்யூப்லைட்ல வெள்ளை எது, சந்தனம் எதுன்னே தெரியலடா. சூப்பர்வைசர் சொல்றதுதான் கலர்."

அன்று வீட்டில் அவன் சொல்லக் கேட்டதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி கேட்டாங்களான்னு நான்தானே கேட்டேன். நாம அவங்களைக் கேட்டிருக்கணும்ங்க." மறுநாள் அவள் வளையல் இரண்டையும் விற்று வந்து மேஜை மேல் வைத்தாள். அவன் டிவியை விற்றான். ஒவ்வொரு சம்பள நாளும் முதல் கவர் அக்காவுக்குப் போனது.

கடைசித் தவணையைக் கொடுத்த அன்று அக்கா கவரைப் பிரிக்காமல் மெஷின் மேல் வைத்தாள். மெஷின் அவள் வீட்டு மூலையில், பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது.

"வேற இடத்துல கடை பிடிக்கலாம்க்கா. நான் அலையறேன். லோன் வேணும்னா நான் கையெழுத்து..."

"நீ கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தானடா இவ்வளவும்" என்று சிரித்தாள். அப்புறம், "இந்த வயசுல புது முனையில போய் உட்கார்ந்து, யார் வருவாங்கன்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டிருக்க என்னால ஆகாதுடா. கொண்டுவந்தியே, அதுவே போதும். விடு" என்றாள்.

அட்டையை மனைவி சத்தமில்லாமல் எடுத்தாள். கிழிக்கவில்லை. கேக் வாங்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் எந்த நம்பர் அடித்தாலும் அவன் எடுத்துவிடுகிறான். நேற்று ஒரு பெரிய கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. லிஃப்ட்டை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, வெளியே வந்து, மூடியைத் தூக்கி எடுத்தான். ஒரு பெண் குரல்.

"குட் மார்னிங் சார்! உங்க கடன் எல்லாத்தையும் அடைச்சிருக்கீங்க, பேங்க் லோனை டைமுக்கு முன்னாடியே. உங்களுக்கு நாங்க ஸ்பெஷலா ஒரு லோன் தர்றோம் சார். எந்த டாகுமெண்ட்டும் வேண்டாம்..."

முழுசும் கேட்டான். வேண்டாம் என்றான். அவள் வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்மா. இது உங்க போன்தானே?"

"ஆபீஸ் போன் சார். ஏன்?"

"இல்ல... பக்கத்துல வேற யாராவது என்கிட்ட பேசணும்னு நிக்கறாங்களா?"

"யாரும் இல்லையே சார்."

"சரிம்மா" என்றான். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.